மாதவிடாய் தள்ளிப் போனால் கருவா, வேறு காரணமா? குழப்பமான அந்த ஒரு வாரத்தில் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலை விழா ஆண்டுதோறும் மலையாள கும்ப மாதத்தில், அதாவது தமிழரின் மாசியில் நடைபெறுகிறது. 2009-ஆம் ஆண்டு விழாவில் சுமார் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. நகரின் சாலைகளெங்கும் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் இந்த விழாவாக இருந்தாலும், ஊர்த் திருவிழா, திருமணம் போன்ற வேறு நிகழ்வாக இருந்தாலும், அன்றைய தினம் மாதவிடாய் வந்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே மாத்திரை எடுத்துக்கொள்ளும் வழக்கம் தென்னிந்தியப் பெண்களிடையே பரவலாக உள்ளது.

நாரெத்திஸ்டிரோன் என்ற அந்த மாத்திரையை நிறுத்திய இரண்டு, மூன்று நாட்களில் பொதுவாக உதிரப்போக்கு தொடங்கிவிடும். ஒரு வாரம் கடந்தும் வராதபோதுதான் கலக்கம் தொடங்குகிறது. மாத்திரையின் விளைவா? உடல் அலைச்சலா? அல்லது கரு உண்டாகியிருக்கிறதா?

நாள்களைத் தள்ளிப்போடுவதற்காகக் கொடுக்கப்படும் இந்த மாத்திரையைக் கருத்தடை மாத்திரையாகக் கருதக் கூடாது என்பது பலரும் அறியாத செய்தி. மாத்திரை எடுத்துக்கொண்ட நாட்களில் பாதுகாப்பற்ற உறவு இருந்திருந்தால் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. எனவே, மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் மாதவிடாய் வராவிட்டால் முதலில் செய்ய வேண்டியது கருத்தரிப்புப் பரிசோதனை. ரத்தக் கட்டிகள், ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் போன்றவை உள்ளவர்கள் இந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்வதே தவறு என்பது தனிச் செய்தி.

திருவிழாவோடு தொடர்பின்றியும் இதே கேள்வி ஏறத்தாழ ஒவ்வொரு பெண்ணின் வாழ்விலும் ஒருமுறையேனும் எழுகிறது. தமிழில் கருவுற்ற பெண்ணை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்வது வழக்கம். மாதவிடாய் முடிந்து தலைமுழுகும் நாள் வரவில்லை என்பதே அதன் பொருள். மலையாளத்தில் 'குளி தெற்றி' என்கிறார்கள். அதுவும் தவறிப்போன அதே குளியலைத்தான் குறிக்கிறது. குளியல் தவறியதையே கருவின் அடையாளமாகக் கொண்ட காலத்தில் இரண்டாவது மாதமும் தவறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓர் அட்டை ஐந்து நிமிடத்தில் விடை சொல்கிறது. ஆனால் எந்த நாளில் கேட்டால் அந்த அட்டை சரியான விடை சொல்லும் என்பதை அதைப் பயன்படுத்தும் பலர் அறிந்திருப்பதில்லை.

தாமதமாவது மாதவிடாய் அல்ல, கருமுட்டை

28 நாள் சுழற்சி என்பது பாடநூல் கணக்கு. 21 முதல் 35 நாள்கள் வரையிலான இடைவெளி பெரும்பாலும் இயல்பானதாகவே கருதப்படுகிறது. ஒரே பெண்ணுக்கே ஒரு மாதம் 27 நாள், மறு மாதம் 32 நாள் என மாறுவதும் உண்டு.

சுழற்சியில் இரண்டு பகுதிகள் உள்ளன. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறும் வரை முதல் பகுதி. அங்கிருந்து அடுத்த மாதவிடாய் வரை இரண்டாம் பகுதி. இவற்றுள் இரண்டாம் பகுதியின் நீளம் பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே அமைகிறது. கூடிக் குறைவது முதல் பகுதிதான். தேர்வு, இரவுப் பணி, காய்ச்சல், துக்கம், நெடும்பயணம், எடைக் குறைவு ஆகியவற்றால் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சமிக்ஞைகள் பிந்தும்போது கருமுட்டை பத்து நாள் தாமதமாக வெளியேறலாம். அப்போது மாதவிடாயும் ஏறத்தாழ பத்து நாள் தாமதமாகும்.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகிறது. கருமுட்டை பத்து நாள் பிந்தி வெளியேறிய ஒரு பெண் அதே சுழற்சியில் கருத்தரித்திருந்தால், வழக்கமாக மாதவிடாய் வர வேண்டிய நாளில் அவர் உடலில் கருவுக்கான எந்த ஹார்மோன் அடையாளமும் இருக்காது. அன்று பரிசோதித்தால் 'இல்லை' என்றே வரும். அந்த 'இல்லை' என்ற விடை அன்றைய நிலைக்கு மட்டுமே பொருந்துவது. அதை இறுதி விடையாகக் கொள்வதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன.

அட்டை எதைத் தேடுகிறது?

கருவுற்ற முட்டை கருப்பைக்கு வந்து அதன் உட்சுவரில் பதிந்த பிறகே எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. கருமுட்டை வெளியேறியதிலிருந்து பதிதல் நிகழ்வதற்குப் பொதுவாக 6 முதல் 12 நாள்கள் ஆகும். தொடக்க வாரங்களில் இந்த ஹார்மோனின் அளவு ஏறத்தாழ இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. கடைகளில் விற்கப்படும் பரிசோதனை அட்டைகள் சிறுநீரில் இந்த ஹார்மோன் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே கோடு காட்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸும் அவரது குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. மாதவிடாய் வர வேண்டிய முதல் நாளன்று, பத்தில் ஒரு கரு இன்னும் கருப்பையில் பதிந்திருக்கவே இல்லை. எவ்வளவு நுட்பமான பரிசோதனையானாலும் அன்று 90 விழுக்காடு கருக்களுக்கு மேல் கண்டறிய இயலாது. ஒரு வாரம் கழித்து இது 97 விழுக்காடாக உயர்ந்தது. ஆய்வகத்தின் உயர் நுட்பக் கருவிகளுக்கே இதுதான் உச்ச வரம்பு. வீட்டில் பயன்படுத்தும் அட்டைகளின் நிலை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே, மாதவிடாய் சீராக வருபவர்கள் நாள் தவறிய அன்றோ மறுநாளோ பரிசோதித்து 'இல்லை' என வந்தால், ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களுக்கு எந்த நாள் தவறியது என்பதே தெரியாது. அவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. கடைசியாகப் பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்த நாளிலிருந்து 21 நாள்கள் கடந்த பின் செய்யும் பரிசோதனை நம்பத்தக்கது. பரிசோதனை செய்வதற்கான நாளை முடிவு செய்ய இதைவிட எளிய வழி இல்லை.

பரிசோதனையைச் செய்யும் முறையிலும் தவறுகள் நேர்கின்றன. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் ஹார்மோன் செறிவு அதிகம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் பரிசோதித்தால் தொடக்க நிலைக் கரு தப்பிவிடக் கூடும். அட்டையின் காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும். உறையில் குறிப்பிட்ட நேரத்தில், பொதுவாக ஐந்து நிமிடத்தில், முடிவைப் படித்துவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிறுநீர் உலர்ந்த தடமே இரண்டாவது கோடு போலத் தெரியலாம். உரிய நேரத்துக்குள் தெரியும் கோடு மங்கலாக இருந்தாலும் அது பெரும்பாலும் 'ஆம்' என்பதே. இரண்டு நாள் கழித்துச் செய்தால் கோடு தெளிவாகும். கட்டுப்பாட்டுக் கோடே தெரியாவிட்டால் அந்த அட்டை பழுதானது.

காய்ச்சல் மாத்திரையோ, ஆன்டிபயாடிக் மருந்தோ, கருத்தடை மாத்திரையோ முடிவை மாற்றுவதில்லை. ஆனால் குழந்தையின்மைச் சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டவர்களுக்கு, அந்த ஊசியின் எச்சமே சுமார் இரண்டு வாரம் வரை அட்டையில் பொய்யான 'ஆம்' காட்டலாம்.

'நிச்சயம்' என்று பெயரிடப்பட்ட அட்டை

இந்தக் கேள்விக்கும் திருவனந்தபுரத்துக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. நாட்டின் குடும்பநலத் திட்டத்துக்கான பொருள்களைத் தயாரிக்க 1966-இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனத்தின் முதல் ஆலை, 1969-இல் இந்நகரின் பேரூர்க்கடையில் இயங்கத் தொடங்கியது. இன்று எச்எல்எல் லைஃப்கேர் என அழைக்கப்படும் அந்நிறுவனத்தின் தலைமையகம் பூஜப்புரையில் உள்ளது.

அரசின் திட்டத்தில் ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இலவசமாக வழங்கும் கருத்தரிப்புப் பரிசோதனை அட்டையின் பெயர் 'நிஷ்சய்'. இந்திச் சொல்லான அதன் பொருள் நமது 'நிச்சயம்'தான். மருந்துக் கடைக்குச் சென்று கேட்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு, அறிமுகமான ஆஷா பணியாளரின் பையில் அந்த அட்டை இருப்பது பெரிய உதவி. அந்தப் பையைச் சுமப்பவர்களே மதிப்பூதிய உயர்வு கோரி, 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்து போராட நேர்ந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

எச்எல்எல் நிறுவனத்தின் அறியப்பட்ட தயாரிப்புகளில் ஒன்று 'சஹேலி' மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த சென்ட்குரோமன் என்ற மூலக்கூறைக் கொண்ட இது, ஹார்மோன் கலவாத கருத்தடை மாத்திரையாகும். 1990-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பின்னர் 'சாயா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் வழங்கப்படுகிறது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை என இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாத்திரையின் முக்கியப் பக்க விளைவே மாதவிடாய் தள்ளிப் போவதுதான். குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் சிலருக்குச் சுழற்சி நீள்கிறது. கருத்தடைக்காக மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு, அந்த மாத்திரையாலேயே நாள் தள்ளிப் போகும்போது எழும் பதற்றத்தை எண்ணிப் பாருங்கள். பதற்றத்தில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் உண்மையாகவே கருத்தரிக்கும் வாய்ப்பு உருவாகிறது. மாதவிடாய் 15 நாள்களுக்கு மேல் தள்ளிப் போனால் கரு இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே அரசின் வழிகாட்டுதல். கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிக் கலக்கம் குறையும்.

அவசரக் கருத்தடை மாத்திரை எடுத்தவர்களுக்கும் அடுத்த மாதவிடாய் சில நாள்கள் முன்னோ பின்னோ வரலாம். எதிர்பார்த்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு மேல் தாமதமானால் பரிசோதனை தேவை.

கரு இல்லையெனில் வேறு என்ன?

இரண்டு முறை பரிசோதித்தும் 'இல்லை' என்றால் காரணம் வேறிடத்தில் உள்ளது. இளம் பெண்களிடம் முதலில் பார்க்கப்படுவது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உள்ளது. அவர்களுள் பெரும்பாலோருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாது. தைராய்டு குறைபாடும், புரோலாக்டின் ஹார்மோன் மிகுதியும் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகளும் புரோலாக்டினைக் கூட்டி மாதவிடாயை நிறுத்தக் கூடியவை. அதற்காக அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு பிரிவினர் 'நமக்கு அந்த வாய்ப்பு இல்லை' என்று நினைத்தே ஏமாறுகிறார்கள். ஒருவர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய். முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருக்கும் வரை கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வரும் முன்பே கருமுட்டை வெளியேறிவிடும் என்பதால், மாதவிடாயே வராமல் அடுத்த கரு உண்டாவதும் நிகழ்கிறது. மற்றவர், நாற்பதைக் கடந்த பெண். 'நிற்கும் காலம் வந்துவிட்டது' என்று அவர் நினைத்திருக்க, நான்காவது மாதத்தில் கரு என்று தெரியவரும் நிகழ்வுகள் மகப்பேறு மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. தொடர்ந்து ஓராண்டு மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாகப் பொருள்.

கரு இல்லை என்று உறுதியான பின்னும் மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், 'செலவு மிச்சம்' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

'வரவழைக்கும்' மாத்திரை

நாள் தள்ளிப் போன பெண்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை எள்ளும் வெல்லமும், பப்பாளிக் காயும். இரண்டாவது, மருந்துக் கடையில் 'வரவழைக்க ஒரு மாத்திரை'. முதலாவது பெரும்பாலும் பயனற்றது. இரண்டாவதற்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களை அதிக அளவில் சேர்த்த மருந்துகள் கருத்தரிப்புப் பரிசோதனையாகவே பயன்படுத்தப்பட்டன. மருந்து கொடுத்த பின் உதிரப்போக்கு வந்தால் கரு இல்லை, வராவிட்டால் கரு உண்டு என்பது அதன் கணக்கு. கரு இருந்தால் அந்தச் சிசுவும் அவ்வளவு மருந்தையும் ஏற்க நேர்ந்தது. கருவைக் கலைக்கும் என்று நம்பியும் பலர் அதை எடுத்துக்கொண்டனர். பிறவிக் குறைபாடுகள் குறித்த ஐயம் எழுந்து, பெண்கள் அமைப்புகளும் மருந்து நுகர்வோர் குழுக்களும் நெடுங்காலம் போராடின. அரசு தடை விதிக்க முயன்றபோது நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. 1988-இல்தான் அதிக அளவு கூட்டு மருந்துகளுக்கான தடை நடைமுறைக்கு வந்தது.

சிறுநீர்ச் சொட்டு மூன்றில் விடை கிடைக்கும் இக்காலத்தில் மருந்து கொடுத்துக் கருவைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. மருத்துவர் மாதவிடாயை வரவழைக்க மாத்திரை எழுதும் நிலைமை உண்டு. ஆனால் அது கரு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே. வரிசை மாறக் கூடாது.

உயிருக்கு ஆபத்தாகும் ஒரு சாத்தியம்

அட்டையில் 'ஆம்' என்ற கோடு வந்தாலும் கரு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. நூறு கருக்களில் ஒன்று அல்லது இரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தப்போக்கு ஏற்பட்டுச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும். தொடக்கத்தில் அறிகுறி என்பது தள்ளிப் போன மாதவிடாய் மட்டும்தான். பின்னர் அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில், வலி வரும். சொட்டுச் சொட்டாகக் கருஞ்சிவப்பு உதிரம் படும். அதையே 'மாதவிடாய் வந்துவிட்டது' என்று நினைத்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை உள்ளே ரத்தம் கசிவதற்கான அடையாளங்கள். அந்த நிலையில் பரிசோதனை அட்டை வாங்கக் கடைக்குச் செல்லக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கேரளத்திலும் பாதியை நெருங்கும் அளவில் உள்ளனர். அறுவை சிகிச்சைக்குப் பின் கருத்தரிப்பது மிக அரிது. ஆனால் அவ்வாறு அரிதாகக் கருத்தரித்தால் அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். காப்பர்-டி பொருத்தியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'ஆபரேஷன் ஆகிவிட்டதே' என்ற நம்பிக்கையில் நாள் தவறியதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

வந்து மறையும் கோடு

ஒரு வாரம் முன்பு தெரிந்த இரண்டாவது கோடு மறைந்து, உதிரம் வந்துவிடுவதும் உண்டு. வில்காக்ஸ் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பதிந்த கருக்களில் 22 விழுக்காடு, கருத்தரித்ததே மருத்துவ முறையில் தெரியவரும் முன் கலைந்துவிட்டது கண்டறியப்பட்டது. நம் பாட்டிமார்களுக்கு இது நான்கைந்து நாள் தாமதமாக, சற்று அதிகமாக வந்த மாதவிடாயாக மட்டுமே கடந்து போயிருக்கும். நுட்பமான அட்டைகள் வந்த பிறகே இது ஓர் இழப்பாக உணரப்படுகிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இது பெருந்துயர். அதன் பின் வீட்டில் எழும் விசாரணை அதைவிடக் கொடியது. பேருந்தில் போனதாலா, பப்பாளி சாப்பிட்டதாலா, குடம் தூக்கியதாலா என்று காரணம் தேடுகிறார்கள். இவ்வளவு தொடக்க நிலையில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறு உடையவை. பேருந்துப் பயணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருமுறை இவ்வாறு நேர்ந்தால் அடுத்த கருவும் அப்படியே ஆகும் என்று பொருளும் இல்லை.

வாரக் கணக்கும் சட்டமும்

பரிசோதனையில் 'ஆம்' என வந்ததும் மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வி, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் எது என்பதுதான். கருவின் வயது அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 28 நாள் சுழற்சி உடைய பெண்ணுக்கு நாள் தவறும் அன்றே கருவுக்கு 'நான்கு வாரம்' ஆகிவிடுகிறது. ஒரு வாரம் காத்திருந்து பரிசோதித்தால் 'ஐந்து வாரம்'. கருத்தரித்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும் என்பதால், இந்தக் கணக்கைக் கேட்டுக் கணவரும் வீட்டாரும் ஐயம் கொள்வதும் நடக்கிறது. அது மருத்துவக் கணக்கு மட்டுமே. ஸ்கேனில் கருப்பையினுள் கருவைச் சூழ்ந்த பை தெரியத் தொடங்குவதும் ஏறத்தாழ இந்த ஐந்தாவது வாரத்தில்தான். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து 'ஒன்றும் தெரியவில்லை' என்று கலங்குவதில் பயனில்லை.

கருவைத் தொடர விரும்பாத பெண்ணுக்கும் இதே வாரக் கணக்கே பொருந்துகிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சட்டம் கூறும் காரணங்களின் அடிப்படையில் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்துத் தேவை. மாத்திரை வழியிலான கருக்கலைப்பு விதிகளின்படி ஒன்பது வாரம் வரை, அதுவும் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே. கடையில் தாமாக வாங்கி உட்கொள்வது சட்டத்துக்கு மட்டும் புறம்பானதல்ல. கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை அதை வெளியேற்றாது. மாத்திரையால் வரும் வலியும் உதிரமும் குழாய் வெடிப்பின் அறிகுறியை மறைத்துவிடும்.

திருமணமாகாத பெண்களின் அச்சம் வேறு வகையானது. டெக்னோபார்க்கை நம்பி இந்நகருக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்ப் பெண்களில் சிலருக்கும் இது பொருந்தும். 2021 திருத்தம், கருத்தடை முறை தோற்றதால் உண்டான கரு தொடர்பான பிரிவில் 'திருமணமான பெண் அல்லது அவர் கணவர்' என்றிருந்ததை 'எந்தப் பெண்ணும் அல்லது அவர் துணைவரும்' என மாற்றியது. 20 முதல் 24 வாரத்துக்கான விதியில் திருமணமாகாதவர்களை விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்குப் பெற்றோரின் ஒப்புதலோ கணவரின் ஒப்புதலோ தேவையில்லை. அவரது பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமும் மருத்துவர் வெளியிடக் கூடாது. கூச்சத்தால் மருத்துவரைப் பார்க்காமல் கழியும் ஒவ்வொரு வாரமும், இந்த வரம்புகளுக்குள் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறது.

கருவைத் தொடர விரும்புபவர்கள் 'மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம்' என்று உறவினரிடம் மறைப்பதில் தவறில்லை. மருத்துவரிடம் மறைப்பதுதான் தவறு. குழந்தையின் தண்டுவடம் உருவாகும் காலம் நாள் தவறிய முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்துபோகிறது. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அந்தக் காலத்திலேயே உடலில் இருக்க வேண்டும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே அதைத் தொடங்குவது நல்லது. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்புரோயேட், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்கள் நாள் தவறியதுமே மருத்துவரை அணுக வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வாரங்களில் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் தைக்காடு அரசுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையிலும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்ஏடி மருத்துவமனையிலும் மகப்பேறு புறநோயாளிப் பிரிவுகள் இயங்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் சிகிச்சைக்காக இந்நகருக்கு வருவோர் உண்டு. தொலைபேசியில் ஆலோசனை பெற கேரள சுகாதாரத் துறையின் 'திஷா' உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104. எங்கு சென்றாலும் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதி, உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகள். திருவிழாவுக்காக எடுத்த மாத்திரையாக இருந்தாலும் அதன் அட்டையும் அவற்றுள் அடங்கும்.